விருந்தாளி அளவை

சும்மா இருப்பதற்கு மார்க் போடுகிறார்கள் என்று சொன்னால் மீஞ்சூரில் யார் நம்பப் போகிறார்கள்? ஆனால் இலக்கியாவின் படிப்பு அப்படித்தான் இருந்தது. கடல் ஏறி வரும் ஊர் ஒன்றுக்குப் போக வேண்டும். அங்கே ஒரு வீட்டில் விருந்தாளியாகத் தங்க வேண்டும். அவர்கள் சாப்பிடுவதைச் சாப்பிட்டு, குடிப்பதைக் குடித்து, அவர்கள் புரளுகிற புழுக்கத்திலேயே தானும் புரண்டு எழுந்திருக்க வேண்டும். மற்றதையெல்லாம் அவளுடைய இடது கையில், தோளுக்குச் சற்றுக் கீழே தோலுக்குள் வைத்திருந்த ஒரு மணி பார்த்துக்கொள்ளும். அரிசி அளவுதான் இருக்கும். உடம்பில் ஏறுகிற சூட்டையும், இரத்த அழுத்தத்தையும், சிறுநீரகம் படுகிற பாட்டையும் அது ஓயாமல் கணக்கெடுத்துக்கொண்டிருந்தது.

குளிர்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் முழு உதவித்தொகையோடு இடம் கிடைத்தபோது தெருமுனையில் அவள் படம் போட்டு பிளக்ஸ் வைத்தார்கள். பருவநிலைப் பாதிப்பும் தகவமைப்பும் என்பது பாடத்தின் பெயர். அதை அம்மாவுக்கு விளக்கவே அவளுக்கு ஒரு சாயங்காலம் பிடித்தது. ஓராண்டு வகுப்பு, ஓராண்டு நாடு நாடாகச் சுற்றல். சுற்றல் என்றதும் தோழிகள் பொறாமைப்பட்டார்கள். ஆற்றுக் கழிமுகம் ஒன்றில் ஒரு பருவம், பாலைவனக் கரை ஒன்றில் ஒரு பருவம் என்று கழித்துவிட்டுக் கடைசியாகக் கண்டல்தீவில் வந்து இறங்கியபோது பெட்டியைத் தூக்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை. உடம்பு நன்றாகத்தான் இருந்தது, மனசுதான் களைத்துப் போயிருந்தது. எந்த நாட்டில் போய் உட்கார்ந்தாலும் அதே கேள்வி, அதே பதில். தண்ணீர் வீட்டுக்குள் வருகிறதே என்றால் பழகிவிட்டது என்றார்கள். சூடு தாங்க முடிகிறதா என்றால் அதற்கும் பழகிவிட்டது என்றார்கள். அந்த ஒரு வார்த்தையைப் பல மொழிகளில் சொல்லத் தெரிந்துகொண்டதுதான் அவள் படித்த படிப்பு.

கண்டல்தீவு யாழ்ப்பாணத்திலிருந்து வள்ளத்தில் போகிற தூரத்தில் இருந்தது. அம்மா வீட்டிலிருந்து பார்த்தால் பக்கத்துக் கடல். அதற்குப் பாதி பூமியைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்திருந்தாள். ஒரே ஆறுதல், காதில் மொழிபெயர்ப்புக் கருவியை மாட்டிக்கொண்டு பேச வேண்டியதில்லை.

தங்கிய வீடு றீற்றாவுடையது. நாற்பதைத் தாண்டிய, வாய் ஓயாத பெண். கணவர் யேசுதாசன் மன்னாருக்கு வேலையாகப் போயிருக்கிறார் என்று சொன்னாள். ஒரே மகள் டினோஜா. பள்ளியின் கடைசிப் பரீட்சையை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தாள். வந்து இறங்கியதும் செம்பில் தண்ணீர் வந்தது. வாய் வைத்துக் குடித்த இலக்கியா அசந்துபோனாள். இத்தனை ருசியான தண்ணீரை மீஞ்சூரில் அவள் குடித்ததே இல்லை. கிணறெல்லாம் உப்பாகிப்போன தீவு என்று படித்துவிட்டு வந்தவளுக்கு, ஆய்வுக்காரர்கள் வழக்கம்போல் கொஞ்சம் கூட்டித்தான் எழுதியிருக்கிறார்களோ என்று ஓர் எண்ணம்கூட வந்தது.

உபசரிப்பு என்றால் அப்படி ஓர் உபசரிப்பு. காற்று வருகிற அறை அவளுக்கு. மீனில் நடுத்துண்டு அவளுக்கு. வேண்டாம் என்று சொன்னால் றீற்றாவின் முகம் சுருங்கிவிடும். “மெலிஞ்சு போய்த் திரும்பினால் உம்மட அம்மா என்னை என்ன நினைப்பா?” என்று கேட்டுக் கேட்டே சோற்றை அள்ளி வைத்தாள். டினோஜாவின் கணுக்கால் வீங்கியிருந்ததைப் பார்த்து என்ன என்று விசாரித்தபோது, நுளம்பு கடித்தது என்று பதில் வந்தது. நுளம்பு என்றால் கொசு என்று இலக்கியா கற்றுக்கொண்டாளே தவிர, கொசுக்கடியில் இரண்டு காலும் ஒரே மாதிரி வீங்குமா என்று யோசிக்கவில்லை. களைப்பு மனிதரை எவ்வளவு மந்தமாக்கிவிடும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

வாரம் ஒருமுறை டாக்டர் வாசுகி வருவார். இலக்கியாவின் பேராசிரியர் அவர்தான்; இந்த ஆய்வுக்குப் பணம் தருகிற கரையோர நிதியத்தின் ஆலோசகரும் அவர்தான். பெற்றோர் யாழ்ப்பாணத்தார். பனி நாட்டில் பிறந்து வளர்ந்தும் வீட்டுத் தமிழை விடாமல் வைத்திருந்தார். இறங்குதுறைக் கொட்டகையில் உட்கார்ந்து, சோப்புக்கட்டி போன்ற கருவி ஒன்றை மணி இருக்கிற இடத்தில் வைத்து அழுத்திப் பார்ப்பார்.

“நல்லா இருக்கிறீர்,” என்றார் மூன்றாம் முறை வந்தபோது. “வந்ததைவிட இப்ப நல்லா இருக்கிறீர். பிரஷர்கூடக் குறைஞ்சிருக்கு.”

“அப்ப தீவுக்கு என்ன மேடம்?”

“தீவுக்கு ஒண்டும் வராது. இப்பிடியே போனால் வாழக்கூடிய இடம் எண்டுதான் முடிவாகும். கடல்தண்ணியை நன்னீராக்கிற ஆலையை நிதியம் தராது.”

“இங்க இருக்கிறவங்க உடம்பையே பாத்துட்டா ஆகாதா? எதுக்கு என் கையில மணி?”

டாக்டர் வாசுகி கருவியைத் துடைத்துப் பைக்குள் வைத்தார். எத்தனையோ மாணவர்களுக்குச் சொல்லிச் சலித்த பதில் என்பது குரலிலேயே தெரிந்தது. “அவையின்ர உடம்பு பழகிப்போச்சு. பழகின உடம்பு ஒண்டையும் காட்டாது. வாயால கேட்டால், உதவி வேணுமெண்ட ஊர் கூட்டிச் சொல்லும், ரோசமுள்ள ஊர் குறைச்சுச் சொல்லும். அதுதான் வெளியில இருந்து ஒரு உடம்பைக் கொண்டுவந்து வைக்கிறது. நீர் வெளிக்கிட முதல் உம்மட வீட்டில வைச்சு ஒரு அளவு எடுத்தமெல்லோ? அதில இருந்து எவ்வளவு கெட்டுப்போகுது எண்டுதான் பார்க்கிறது. புது உடம்பு பொய் சொல்லாது எண்டது நிதியத்தின்ர நம்பிக்கை.”

இதற்கு விருந்தாளி அளவை என்று பெயர். தங்குகிற வீட்டாருக்கு விஷயத்தைச் சொல்லக் கூடாது என்பது கண்டிப்பான விதி. தெரிந்தால் ஆலைக்கு ஆசைப்பட்டு விருந்தாளியின் சோற்றில் உப்பை அள்ளிப் போட்டுவிடுவார்கள் என்று நிதியத்துக்குப் பயம். மனிதர்கள் ஏமாற்றுவார்கள் என்று அங்கே எல்லோரும் கணக்குப் போட்டார்கள். உபசரிப்பார்கள் என்று ஒருவரும் கணக்குப் போடவில்லை.

உண்மை ஒரு டீயில் வெளிப்பட்டது. அன்று காலை பள்ளிக்கூடப் பக்கம் ஆட்களைப் பார்த்துப் பேசப் போன இலக்கியா, வெயில் மண்டையைப் பிளக்கவே பாதியில் திரும்பிவிட்டாள். வீட்டில் ஆளில்லை. சமையலறை மேசையில் டினோஜா குடிக்காமல் வைத்துப்போன கறுப்பு டீ இருந்தது. உரிமையோடு எடுத்து ஒரு வாய் குடித்தாள். அம்மாவின் டீ. அச்சு அசல் அம்மா போடுகிற டீ. இரண்டு வருஷமாக எந்த நாட்டிலும் கிடைக்காத ருசி. வீட்டு ஞாபகத்தில் கண் கலங்க இன்னும் இரண்டு வாய் குடித்துவிட்டுத்தான் அவளுக்கு உறைத்தது. அம்மாவின் டீயில் அந்த ருசி எதனால் வந்தது? மீஞ்சூர்த் தண்ணீரால் வந்தது. அவள் பிறப்பதற்கு எவ்வளவோ காலம் முன்பே நிலத்துக்கடியில் கடல் புகுந்துவிட்ட ஊர். அந்தத் தண்ணீரில் பால் திரிந்துபோகும் என்பதால்தான் அம்மா கறுப்பு டீக்கு மாறினாள்.

இந்த வீட்டில் தினமும் அவளுக்கு வந்தது பால் டீ. ஒரு நாளும் திரியாத பால் டீ. தாயும் மகளும் கறுப்பு டீ குடித்தார்கள். பால் பிடிக்காது என்றார்கள்.

றீற்றா வந்து பார்த்தபோது இலக்கியா கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

“அது டினோஜான்ர தேத்தண்ணி. அதை வையும் பிள்ளை, உமக்கு வேற ஊத்தித் தாறன்.”

“நீங்க கிணத்துத் தண்ணியா குடிக்கிறீங்க ஆன்ட்டி?”

“ஆர் சொன்னது?”

“டீ சொல்லுச்சு.”

றீற்றா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். மழை பொய்த்ததால் தொட்டி காய்ந்து கிடக்கிறது, கரையிலிருந்து தண்ணீர் வள்ளம் கொண்டுவந்து தருவது ஒரு ஆளுக்குத்தான் போதும் என்பதெல்லாம் துண்டு துண்டாக வந்தது. “ஒரு ஆளுக்குத்தான் காணுமெண்டால், வந்த பிள்ளைக்குக் குடுக்கிறதா, நாங்க குடிக்கிறதா? எங்களுக்குப் பழகிப்போச்சு.”

அந்த வார்த்தையைக் கேட்டதும் இலக்கியாவுக்கு எரிச்சலாக வந்தது. “டினோஜா கால் வீங்குறது கொசுக்கடி இல்லதானே? அங்கிள் மன்னார்ல இல்லதானே?”

அடுப்பைப் பார்த்தபடியே றீற்றா சொன்னாள். “யாழ்ப்பாணம் ஆசுப்பத்திரியில கிடக்கிறார். கிட்னி. இரத்தம் சுத்தப்படுத்துறதுக்குக் கிழமையில பாதி நாள் அங்கதான். நீர் படிக்க வந்த பிள்ளை. வீட்டுக் கஷ்டத்தை உம்மட தலையில கொட்டுறதோ? இந்தத் தீவில பாதி ஆம்பிளையள் அப்பிடித்தான். டினோஜாவுக்கு இப்பதான் தொடங்குது எண்டு டொக்டர் சொன்னவர். நல்ல தண்ணி குடிச்சால் நிண்டுபோகுமாம்.”

மகளுக்கு மருந்து என்று சொல்லப்பட்ட தண்ணீரைத்தான் இலக்கியா மூன்று வாரமாக மடமடவென்று குடித்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த கோப்பையை மேசையில் வைத்தாள். பிறகு விதியாவது ஒன்றாவது என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கையைத் தொட்டுப் பார்க்கச் சொல்லி மணியைக் காட்டினாள். தன் உடம்பு கெட்டால்தான் தீவுக்கு ஆலை வரும், நன்றாயிருந்தால் வராது என்றாள். “நீங்க என்னை நல்லாப் பாத்துக்கிட்டதுதான் ஆன்ட்டி தப்பாப் போச்சு. இனிமே நல்ல தண்ணி டினோஜாவுக்கு. நீங்க குடிக்கிறதை எனக்குக் குடுங்க.”

றீற்றா அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். பேச்சில் அதுவரை இருந்த ‘நீர்’ போய் ‘நீ’ வந்திருந்தது.

“நஞ்செண்டு தெரிஞ்சுகொண்டு, உனக்கு நான் ஊத்தித் தாறதோ?”

“கொஞ்ச நாள்தான்.”

“என்ர கையால தரமாட்டன்.”

“ஆலை வந்தா டினோஜா பொழச்சுக்குவா ஆன்ட்டி. தீவே பொழச்சுக்கும்.”

“எல்லாம் விளங்குது. விளங்கினாலும் கை வராது பிள்ளை. நீயும் ஒருத்தி பெத்த பிள்ளைதானே?” என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சற்றுக் கழித்து, “கிணறு பின்னால இருக்கு. நீயா அள்ளிக் குடிச்சால் நான் என்ன செய்யிறது? நான் அந்தப் பக்கம் பாக்கேல்ல,” என்றாள்.

அன்றிலிருந்து இலக்கியா தானே அள்ளிக் குடித்தாள். காற்று வரும் அறையைவிட்டு, தகரம் கொதிக்கிற பின்னறைக்குப் படுக்கையை மாற்றினாள். றீற்றா சொன்னபடியே அந்தப் பக்கம் பார்க்காமல் இருந்தாள்; ஆனால் இலக்கியா வாளியை இறக்குகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து தெருவுக்குப் போய்விட்டாள். டினோஜாவிடம் இருவரும் விஷயத்தைச் சொல்லவில்லை. திடீரென்று தன் பங்குக்குப் பால் டீ வருவதைப் பார்த்து அவள் முழித்தாள். அக்காவுக்குப் பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒரு பொய் சொல்லி வைத்தார்கள்.

அடுத்த வீட்டுக்காரர்கள்தான் பெரிய தொல்லையாக இருந்தார்கள். படிக்க வந்த பிள்ளை வெயிலில் வாடுகிறாள் என்று ஒருவர் இளநீரைச் சீவிக் கொண்டுவந்து நீட்டுவார். இன்னொரு வீட்டில் மோர் தருவார்கள். வேண்டாம், வேண்டாம் என்று தள்ளித் தள்ளி, இந்தியாவிலிருந்து வந்த பிள்ளைக்குத் தலைக்கனம் என்று பெயர் வாங்கினாள். அவர்களுடைய மோரைக் குடித்தால் அவர்களுக்கே கேடு என்று எப்படிச் சொல்வது? கெட்ட பெயரோடு இருந்துவிட்டுப் போகலாம் என்று விட்டுவிட்டாள். கழிமுகத்திலும் பாலைவனத்திலும் இல்லாத ஒரு தெம்பு அந்த நாட்களில் அவளுக்கு இருந்தது. முதல்முறையாகத் தன் படிப்பு யாருக்கோ பயன்படப்போகிறது என்று நினைத்தாள். தலைவலி வந்தால் சந்தோஷப்பட்டாள்.

கடைசி அளவு எடுக்க டாக்டர் வாசுகி வந்தபோது இலக்கியா கொட்டகையில் முன்னாலேயே போய் உட்கார்ந்திருந்தாள். கருவியை வைத்து அழுத்திவிட்டு அவர் அதைப் பார்த்தார். மறுபடியும் அழுத்தினார்.

“கிணத்துத் தண்ணி குடிச்சனீரோ?”

பொய் சொல்ல நினைத்து, கடைசியில் இலக்கியா தலையாட்டினாள்.

“குடிச்சால் பிரஷர் பழையபடி ஏறும். ஏறியிருக்கு. வீட்டில இருந்து வெளிக்கிட்டபோது எவ்வளவு இருந்துதோ, அந்த இடத்துக்கு வந்து நிக்குது. அவ்வளவுதான். வித்தியாசம் ஒண்டுமில்லை.”

“ஒண்ணுமே இல்லையா?”

“உம்மட உடம்பு இந்தத் தண்ணியிலதானே வளர்ந்தது இலக்கியா. மீஞ்சூர்த் தண்ணிக்கும் கண்டல்தீவுத் தண்ணிக்கும் என்ன பெரிய வித்தியாசம்? நல்ல தண்ணி குடிச்சபோது தீவு உமக்குச் சொர்க்கமா இருந்தது. கெட்ட தண்ணி குடிச்சபோது வீடு மாதிரி இருந்தது. ரெண்டில எது எண்டாலும் வாழக்கூடிய இடம் எண்டுதான் மணி சொல்லும்.”

வள்ளங்கள் கட்டியிருந்த பக்கத்திலிருந்து மீன் வாடை வந்தது. இலக்கியா சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டாள்.

“பக்கத்து முனைத்தீவுல இங்க்ரிட் இருக்காளே, அவளுக்கு?” என்று கேட்டாள். இங்க்ரிட் அவளுடைய வகுப்புத் தோழி, பனி நாட்டுக்காரி.

“அங்கயும் நல்ல தண்ணிதான் குடுத்தவை. அதையும் மீறிச் சூட்டில மயங்கி விழுந்திட்டா. ஆசுப்பத்திரியில இருக்கிறா, பயமில்லை. முனைத்தீவுக்கு ஆலை வருது.”

“அவளை இங்க அனுப்பியிருந்தா?”

டாக்டர் வாசுகி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கினார். அவருக்கும் வயதாகிவிட்டது என்பதை இலக்கியா அப்போதுதான் கவனித்தாள்.

“நிதியத்தில ஒரு ஆலைக்குத்தான் காசு. அளக்க வேண்டியது ரெண்டு தீவு. ஒரு ஊருக்கு இல்லையெண்டு சொல்லவேணும், ஆனால் இல்லையெண்டு சொன்னது தாங்களில்லை, அறிவியல் எண்டு காட்டவேணும். அதுக்குத்தான் உப்புத் தண்ணியில வளர்ந்த உம்மைப்போல பிள்ளையளுக்கு முழு உதவித்தொகை. மெரிட்டில வந்தனீர் எண்டு நினைச்சிருப்பீர். மெரிட்டும் இருந்ததுதான், அது பொய்யில்லை.”

இலக்கியாவுக்குத் தெருமுனை பிளக்ஸ் ஞாபகம் வந்தது. அம்மா அதன் கீழே நின்று படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பியிருந்தாள்.

“தெரிஞ்சுக்கிட்டே எப்படி மேடம் இதுல இருக்கீங்க? இங்க இருக்கிற சனம் நல்ல தண்ணிய விருந்தாளிக்குத் தூக்கிக் குடுக்கும்னுகூட உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே.”

“தெரியாமலோ? என்ர அம்மாவும் உப்பிடித்தான். எழுதிக்கூடக் குடுத்தன். விருந்தாளிக்குக் குடுக்க நல்ல தண்ணி இருக்கிற ஊரால சமாளிக்கேலும் எண்டு அதையும் தகவமைப்பில சேர்த்துப்போட்டினம்.” சிரிப்பு என்று சொல்ல முடியாத ஒன்று அவர் முகத்தில் வந்து போனது. “நான் விட்டிட்டுப் போனால் தமிழ் தெரியாத ஒருத்தர் வருவார். இருக்கிறதால ஆண்டுக்கு ஒரு பிள்ளையையாவது இந்தத் தண்ணியில இருந்து வெளியில எடுக்கிறன். உம்மை அப்பிடித்தான் எடுத்தன். இப்ப டினோஜாவை எடுத்திருக்கிறன்.”

“டினோஜாவையா?”

“ரிசல்ட் வந்திட்டுது. நல்ல மார்க். முழு உதவித்தொகை. பரீட்சைக்கு முதல் பள்ளிக்கூடத்தில எல்லாப் பிள்ளையளுக்கும் உடம்பு பார்த்ததெல்லோ, அதையும் நிதியம் பார்த்திட்டுது. ஓகே எண்டிட்டினம். அவவுக்கு வகுப்புக்கு முதலே ஒரு பருவம், உங்கட பக்கம்தான். மீஞ்சூர். கன காலமாத் தண்ணி கேட்டுக்கொண்டிருக்கிற ஊர். பாஷைப் பிரச்சினையும் இல்லை. உங்கட வீட்டிலயே தங்கட்டும் எண்டு நான்தான் சொன்னன்.”

அவர் அதை ஒரு நல்ல செய்தி சொல்லுகிற தோரணையில்தான் சொன்னார். பாதி நல்ல செய்தியும்தான். மீதிப் பாதி விளங்க இலக்கியாவுக்கு நேரம் பிடிக்கவில்லை. மீஞ்சூரில் இருப்பது அம்மா, தம்பி, தம்பியின் கைக்குழந்தை. டினோஜாவின் உடம்பு அங்கே போய் என்ன சொல்லும் என்று அவளுக்கு இப்போதே தெரியும். வாழக்கூடிய இடம் என்று சொல்லும்.

வீட்டுக்குப் போய், ஆலை வராது என்ற செய்தியை றீற்றாவிடம் எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் வார்த்தை தேடினாள். தேவைப்படவில்லை. அவள் முகத்தைப் பார்த்ததுமே றீற்றா புரிந்துகொண்டாள்.

“விடு பிள்ளை. நீ என்ன செய்வாய்? உன்னால முடிஞ்சதைச் செய்தனீ.” பிறகு, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பியவள்போல், “நான் நல்ல தண்ணி தந்ததாலதானோ?” என்று கேட்டாள்.

இல்லை என்று சொல்வது உண்மையும்தான், இரக்கமும்தான். “இல்ல ஆன்ட்டி. நீங்க எது குடுத்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும்,” என்றாள் இலக்கியா. றீற்றா சிலுவை போட்டுக்கொண்டாள். தன் கை தப்புச் செய்யவில்லை என்பதே அவளுக்கு அப்போது பெரிய விடுதலையாக இருந்தது. இலக்கியாவுக்கு அந்த விடுதலையும் கிடைக்கவில்லை.

டினோஜாவின் செய்தி வந்து வீடு கலகலத்தது. யேசுதாசன் ஆசுப்பத்திரியிலிருந்து வந்து சேர்ந்தார். மெலிந்து கறுத்த மனிதர், மகளைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார். சைவக்காரரும் வேதக்காரக் கிறிஸ்தவர்களும் ஒன்றாக வந்து கை குலுக்கினார்கள். தலைக்கனம் பிடித்தவள் என்று பெயர் வாங்கிய இலக்கியாவுக்கும் ஒரே நாளில் மரியாதை திரும்பிவிட்டது. அவள் சொல்லித்தான் கிடைத்தது என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. இல்லை என்று மறுத்தால் அடக்கம் என்றார்கள். இந்தச் சந்தோஷத்தின் நடுவில் நின்றுகொண்டு போகாதே என்று எப்படிச் சொல்வாள்? போகாவிட்டால் அந்தக் கிணறு. போனால் மீஞ்சூருக்குத் தண்ணீர் இல்லை.

புறப்படுகிற அன்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு டினோஜாதான் இறங்குதுறை வரைக்கும் வந்தாள். சில வாரம் நல்ல தண்ணீர் குடித்ததில் கால் வீக்கம் பாதி வடிந்திருந்தது. நடந்துகொண்டே கேள்வி மேல் கேள்வி கேட்டாள்.

“உங்கட அம்மாவுக்கு என்ன பிடிக்கும் அக்கா? என்ன கொண்டுபோறது?”

“ஒண்ணும் வேணாம். சும்மா போ. நீ போனாலே அவங்களுக்கு சந்தோஷம்தான்.”

“எனக்கு அங்க என்ன வேலை?”

“விருந்தாளியா இருக்கிற வேலை.”

டினோஜா சிரித்தாள். வள்ளம் வந்து கட்டிக்கொண்டிருந்தது. இலக்கியா அவள் கையிலிருந்து பெட்டியை வாங்கிக் கீழே வைத்தாள். இனி தள்ளிப்போட முடியாது என்று பட்டது.

“டினோஜா, ஒண்ணு சொல்றேன், கேளு. எங்க அம்மா உனக்கு கேன் தண்ணி குடுப்பாங்க. எங்க வீட்ல அது விருந்தாளிக்கு மட்டும் வாங்குறது. அவங்க குடிக்கிறது பைப் தண்ணி. நீ கேனை வாங்காத. பைப் தண்ணியே போதும்னு சொல்லிடு.”

“ஏன் அக்கா?”

ஏன் என்று சொல்ல ஆரம்பித்தால் அடிவரைக்கும் சொல்லியாக வேண்டும். இலக்கியா வள்ளத்துப் பக்கம் திரும்பிக்கொண்டாள். டினோஜா அதற்குத் தானாகவே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டாள். செலவை நினைத்துச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

“உங்களுக்குக் கஷ்டம் குடுக்கமாட்டன் அக்கா. ஆனால் வந்த வீட்டில ஆசையாத் தாறதை வேண்டாமெண்டு எப்பிடிச் சொல்லுறது? அவ முகம் வாடிப்போகுமே. அம்மா என்னை அப்பிடி வளர்க்கேல்ல.”

இலக்கியா அந்தக் கால்களைப் பார்த்தாள். பாதி வடிந்த வீக்கம். பைப் தண்ணீரைக் குடித்து இந்தப் பெண் தன் உடம்பைக் கெடுத்துக்கொண்டாலும் மணி ஒன்றும் காட்டப்போவதில்லை. மீஞ்சூருக்கு ஒரு சொட்டும் வரப்போவதில்லை. தனக்கு நடந்ததுதானே. ஆனால் கேன் தண்ணீரைக் குடித்தால் இந்த வீக்கம் மிச்சமும் வடிந்துவிடலாம். ஊரைக் காப்பாற்ற வழியில்லை. இந்த இரண்டு காலையாவது காப்பாற்றலாம். இத்தனை நாடு சுற்றிப் படித்த படிப்பில் அவள் சொந்தமாக எட்டிய முடிவு இது ஒன்றுதான். அது அவளுக்குப் பெருமையாக இல்லை, ஆயாசமாக இருந்தது.

“சரி, வேணாம்னு சொல்லாத,” என்றாள். “எங்க அம்மா எவ்வளவு குடுத்தாலும் குடி.”

“இஞ்ச நீங்க குடிச்ச மாதிரியோ?” என்று கேட்டுச் சிரித்தாள் டினோஜா.

“ஆமா. அதே மாதிரி,” என்று சொல்லிவிட்டு இலக்கியா வள்ளத்தில் ஏறி உட்கார்ந்தாள்.